பனைமரத்துக்கு முதல் பரிசு

1935-ல் 'பக்த நந்தனார்' படம் வெளிவந்தபோது தமிழ்நாடே அதைப் பற்றித்தான் பேசியது. கே. பி. சுந்தராம்பாளுக்கு அந்தப் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்பது முதல் காரணம். கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்த பிறகு வெள்ளைப் புடவை உடுத்தி, ஆண்களோடு சேர்ந்து நடிப்பதில்லை என்று ஒதுங்கியிருந்தவர் அவர். ஆண் வேடமே போடுங்கள் என்று சொல்லி அவரை இணங்க வைத்தார்கள். பண்ணையாள் நந்தனாக அவர், பண்ணைக்கார வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஒருவர் நாடக மேடையின் ராணி, மற்றவர் கச்சேரி மேடையின் சிங்கம். பாட்டுக்குக் கேட்க வேண்டுமா?

படம் பார்த்துவிட்டு ஆனந்த விகடனில் கல்கி மதிப்புரை எழுதினார். திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இன்றுவரை எடுத்துக்காட்டும் மதிப்புரை அது. படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரு லட்சம் வாங்கியவருக்கும் இடமில்லை, சங்கீத வித்வானுக்கும் இடமில்லை. பரிசெல்லாம் வயல் வரப்பில் நின்றவற்றுக்கே.

இதைக் கிண்டல் என்று சிரித்துவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் போனார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் சினிமாவைப் பற்றிய கூர்மையான கவனிப்பு ஒன்று இருக்கிறது. அன்றைய நடிகர்கள் மேடையிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, கேமராவுக்கு நேரே திரும்பி நின்று, பாட்டு முடியும்வரை அசையாமல் இருப்பார்கள். எருமைக்குக் கேமரா இருப்பது தெரியாது. அது பாட்டுக்கு நடந்தது, வாலை ஆட்டியது. திரையில் உயிரோடு தெரிந்தது அதுதான். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்துப் பக்கக் கட்டுரையாக எழுதலாம். கல்கி ஒரு எருமையை வைத்துச் சொல்லிவிட்டார்.

எழுதியவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ல் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். புனைபெயர்களில் 'விவசாயி' என்றும் ஒன்று வைத்திருந்தவர். பத்திரிகையின் சொந்தக்காரர் எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். படம் எடுக்கப்பட்டதோ கல்கத்தாவில். காவிரிக் கரைப் பண்ணையாளின் கதையை வங்காளத்தில் எடுத்து, அதைக் காவிரிக் கரைக்காரரிடமே காட்டினால் அவர் கண் முதலில் வயலுக்குத்தான் போகும்.

தஞ்சைச் சீமைக்கு இது புதுப் பழக்கம் அல்ல. புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவருபவனை உட்கார வைத்துப் பார்த்து, கேட்டு, எடை போட்டு, பிடித்தால் பல்லக்கில் ஏற்றுவதும் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வதும் அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். வேடிக்கை என்னவென்றால், இதே நந்தன் கதை கல்கியின் தராசுக்கு வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பு, அதே மாயவரத்தில், இன்னொரு தராசில் ஏறி இறங்கியிருக்கிறது.

கோபாலகிருஷ்ண பாரதி நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். மராட்டிய அரசர்கள் காலத்தில் தஞ்சையில் வேரூன்றிய ஹரிகதைக் கலையைப் பார்த்துப் பழகியவர். பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தன் கதை சில பாட்டுகளில் முடிந்துவிடும். அதில் பண்ணையாரே கிடையாது. ஆதனூர் நந்தன் திருப்புன்கூர் போகிறான், நந்தி விலகுகிறது, தில்லை போகிறான், தீயில் மூழ்கி எழுகிறான். பாரதி அதில் ஒரு வேதியரைக் கொண்டுவந்து வைத்தார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர், நாற்பது வேலி இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஒரே இரவில் சிவகணங்கள் வந்து அத்தனையையும் முடித்துவிடுகின்றன. டெல்டாவில் நாற்றங்காலுக்கும் களத்து மேட்டுக்கும் நடுவே எத்தனை மாதம், எத்தனை முதுகு என்று தெரிந்தவர்களுக்கு அந்த அற்புதத்தின் அளவு புரியும்.

பாரதி இதை மக்கள் பாடும் மெட்டுகளில், நொண்டிச் சிந்திலும் கும்மியிலும் கண்ணியிலும், வீட்டில் பேசும் பேச்சிலேயே பாடினார். கேட்ட இடமெல்லாம் ஜனம் உருகியது. பிறகு புத்தகமாக அச்சிடும் யோசனை வந்தது. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி உதவ, 1861-ல் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சேறியது. புத்தகம் என்றால் முகப்பில் சிறப்புப்பாயிரம் வேண்டும். அந்த வட்டாரத்தில் சிறப்புப்பாயிரம் என்றால் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் வாங்க வேண்டும்.

பிள்ளையவர்கள் அப்போது மாயவரத்தில் இருந்தார். திருவாவடுதுறை ஆதீன வித்வான். தலபுராணங்களாக எழுதிக் குவித்தவர், இலக்கணம் பிசகாத கை. பாரதியின் பாட்டுகளில் எதுகை மோனை தடம் புரள்வதும் பேச்சு வழக்கு புகுந்து விளையாடுவதும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முடியாது என்று சொல்லவும் மனமில்லை. இன்று போய் நாளை வாரும் என்ற கணக்கில் பாரதி பல முறை நடந்தார். திருநாளைப்போவாரைப் பாடியவருக்கே 'நாளை' என்று தவணை சொன்ன பொருத்தத்தை ஊர் ரசித்திருக்கும்.

பிறகு நடந்ததை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் பாரதி வந்தபோது பிள்ளையவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்த பாரதி, சும்மா இருக்க முடியாமல் தம் கீர்த்தனைகளை மெல்லப் பாடத் தொடங்கினார். உள்ளே தூக்கம் கலைந்த பிள்ளையவர்கள் எழுந்து வரவில்லை, படுத்தபடியே கேட்டார். ஏட்டில் பார்த்தபோது கண்ணில் குத்திய பிழைகள் பாட்டில் காணாமல் போயிருந்தன. நந்தனின் ஏக்கம் மட்டும் நின்றது. கண்ணீரோடு வெளியே வந்து, இத்தனை நாள் அலைய விட்டதற்கு வருந்தி, சிறப்புப்பாயிரம் எழுதிக் கொடுத்தார்.

தமிழ் விமர்சன வரலாற்றில் இதைவிட நல்ல காட்சி கிடைப்பது அரிது. ஒரு படைப்பை அதற்குரிய ஊடகத்தில் பார்க்காமல் வேறொன்றின் அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும் என்பதும், அளந்தவரே அதை உணர்ந்து இறங்கி வருவதும் ஒரே மதியத்தில் நடந்திருக்கிறது. ஆனால் பிள்ளையவர்கள் முழுதாக மாறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். பத்தாண்டு கழித்து அவரிடம் படிக்க வந்த இளைஞர் சாமிநாதன், பின்னாளைய சாமிநாதையர், அதே பாரதியிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கியபோது ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்தில் மனம் நிற்காது என்பது அவர் எண்ணம். உத்தமதானபுரத்துப் பையன் சங்கீதப் பாடத்தை நிறுத்திக்கொண்டான்.

சிறப்புப்பாயிரம் என்பது இன்றைய அட்டைப்பட வாசகம் போலத்தான், பாராட்டு மட்டுமே வரும் இடம். நிஜமான சோதனை அரங்கேற்றத்தில் இருந்தது. புராணம் எழுதியவர் அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, நாளுக்குச் சில பாட்டாகப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். சுற்றி உள்ளூர்ப் புலவர்கள், ஓதுவார்கள், மடத்துத் தம்பிரான்கள், கொஞ்சம் படித்த மிராசுதார்கள். யார் வேண்டுமானாலும் நடுவில் கை நீட்டலாம். இந்தச் சொல் எந்த நிகண்டில், இந்தக் கதைக்கு எந்த மூலம், இந்த அடியில் சீர் ஏன் இடறுகிறது என்று கேட்கலாம். பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் நடந்த அரங்கேற்றங்களும் உண்டு. முடிந்ததும் சுவடியை யானை மேலோ பல்லக்கிலோ ஏற்றி வீதிவலம் வருவார்கள்.

இந்தச் சோதனை பயமுறுத்துவது என்ற நினைவும் கதைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை அடுத்த வீரபத்திரர் கோயிலைக் காட்டி, ஒட்டக்கூத்தர் அடங்கிய இடம் இதுதான் என்பார்கள். மூன்று சோழர்களின் அவைக்களப் புலவரான அவர், தப்பும் தவறுமாகப் பாடியவர்களின் தலையையே வாங்கினார் என்பது கர்ணபரம்பரை. தேரழுந்தூர்க் கம்பன் ராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்ற, முதலில் தில்லைத் தீட்சிதர்களின் ஒப்புதல் வாங்கி வரச் சொல்லி அலைக்கழித்தார்கள் என்பதும் அப்படி ஒரு கதைதான். வரலாறாக இவை நிற்காது. ஆனால் விமர்சகன் என்றால் கையில் கத்தி வைத்திருப்பவன் என்று இந்த மண் நெடுங்காலமாக நம்பியது என்பதற்கு இவை சாட்சி.

மண்டபத்துக்கு வெளியே வேறொரு தராசு தொங்கியது. தஞ்சை மராட்டியர் காலத்தில் தோல்பாவைக் கூத்து ஆடும் குடும்பங்கள் மராத்தி பேசிக்கொண்டு இங்கே வந்தன என்றும், பிறகு தெற்கே மதுரை, நெல்லை, நாகர்கோவில் என்று பரவின என்றும் சொல்வார்கள். பதம் செய்த ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு, சாயம் ஏற்றி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டுவார்கள். ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுப்பவர் ஒருவரே. பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் கோடு கூர்மையாகத் தெரியும், ஒரு விரல் விலகினால் நிழல் கலங்கிவிடும். ராமாயணம் பத்து நாள் நீளும். அறுவடை முடிந்த ஊர்களில் கூலி பெரும்பாலும் நெல்தான்.

இங்கே கேள்வி கேட்கப் புலவர் யாரும் இல்லை. பிடிக்காவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள், அவ்வளவுதான். கூட்டம் கலைகிறது என்று தெரிந்தால் ஆட்டுபவர் ராமனை நிறுத்திவிட்டு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் திரைக்குக் கொண்டுவருவார். அந்தக் கோமாளிகள் இரண்டும் ஊர் வம்பைப் பேசும், முன்வரிசைக்காரரைச் சீண்டும், சில சமயம் ராமாயணத்தையே கேலி செய்யும். தன் ஆட்டத்துக்குத் தானே விமர்சகரையும் கூட்டி வந்த கலை அது. கும்பகோணம் பக்கத்து மரப்பாவைப் பொம்மலாட்டத்திலும் பிள்ளையார் பூஜை முடிந்த கையோடு முதலில் வருவது கோமாளிதான். நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ள பொம்மைகளை, தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளாலும் கைக் கம்பிகளாலும் ஆட்டுகிறவருக்கு அந்தக் கோமாளி கொடுக்கும் சில நிமிடங்கள் மூச்சு விடவும் உதவும்.

துணித்திரையில் அடுத்து அசைந்தது சினிமா. 1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போடக் கிளம்பினார். நிமிடக் கணக்கில் ஓடும் ஊமைப் படங்கள், இயேசு சரிதத் துணுக்குகள். இந்தப் படங்களை யாரும் மதிப்புரை எழுதத்தக்கவை என்று நினைக்கவில்லை. படம் அசைகிறது என்பதே செய்தியாக இருந்த காலம்.

படம் பேசத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. நாயகி டி. பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள், கதைக்குச் சம்பந்தமே இல்லாத தேசபக்திப் பாட்டும் இருந்தது. படம் வரும் முன்பே சுதேசமித்திரன் அதைப் பற்றி எழுதியது, வந்த பிறகு ஜனம் முண்டியடித்தது. சென்னையில் ஒலிப்பட ஸ்டூடியோ வந்ததே 1934-ல்தான். அதுவரை பம்பாய், கல்கத்தா என்று ரயிலேறிப் போய், தமிழ் தெரியாத இயக்குநர்களிடம் நடித்துவிட்டு வந்தார்கள். 'பக்த நந்தனா'ரை இயக்கிய எம். எல். டாண்டனும் தமிழர் அல்ல. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், தம்மோடு கூட்டி வந்த எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்க நண்பர் அந்தப் படப்பிடிப்பில்தான் தமிழ் சினிமாவை முதன்முதலில் பார்த்தார்.

இந்தச் சூழலில்தான் கல்கியின் 'ஆடல் பாடல்' பகுதி வந்தது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரி, நாடகம், நாட்டியம், சினிமா எல்லாவற்றையும் அதில் எழுதினார். விகடனைப் புரட்டுகிறவர் சபா உறுப்பினர் மட்டும் அல்ல, ரேழியில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணும் கடைத்தெருவில் ஓசியில் வாங்கிப் படிக்கும் குமாஸ்தாவும்கூட என்று அவருக்குத் தெரியும். எனவே ராக லட்சணம் பேசுவதைவிட, வித்வான் முகத்தைச் சுளித்தாரா, பக்கவாத்தியக்காரர் மேல் கோபித்துக்கொண்டாரா, சினிமாவில் தேவலோகத்துத் தூண் ஆடியதா என்பதை எழுதினார். சங்கீதப் பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மண்டபத்தில் சிலர் முன்னே நடந்த விசாரணை, ஒரு வாரத்தில் ஊரெல்லாம் படிக்கும் சங்கதியாக மாறியது அவரால்தான். இதில் ஒரு நஷ்டமும் உண்டு. மண்டபத்தில் படைப்பாளி எழுந்து பதில் சொல்லலாம். எருமைக்குத் தோற்றுப்போன சுந்தராம்பாள் எங்கே போய்ப் பதில் சொல்வார்?

கல்கியும் தராசில் ஏறாமல் தப்பவில்லை. 1930-களின் நடுவில், சுப்பிரமணிய பாரதியார் தேசிய கவிதானே தவிர மகாகவி அல்ல என்ற பொருளில் அவர் எழுதப்போக, 'மணிக்கொடி' இதழ்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். எதிரணியில் நின்ற வ. ரா. திருவையாறு பக்கத்துத் திங்களூர், கு. ப. ராஜகோபாலன் கும்பகோணம். கு. ப. ரா.வும் சிட்டியும் சேர்ந்து 'கண்ணன் என் கவி' என்ற புத்தகமே எழுதிவிட்டார்கள். எட்டயபுரத்துக் கவிஞருக்காகக் காவிரிக் கரையே இரண்டுபட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

நந்தனுக்குத் திரும்பலாம். வாசன் பத்திரிகையோடு நிற்கவில்லை. பாபநாசத்துக்காரரான இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீயில் கருகி ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்து, ஜெமினி என்று பெயர் வைத்தார். 1942-ல் ஜெமினி 'நந்தனார்' வந்தது. இந்தத் தடவை நந்தன் தண்டபாணி தேசிகர், ஊர் திருச்செங்காட்டங்குடி. வேதியர் வேடத்துக்குச் சங்கீத வித்வானைத் தேடவில்லை. செருகளத்தூர் சாமாவைப் போட்டார்கள். கேமரா முன்னே பேசப் பழகிய திரைப்பட நடிகர், அவரும் டெல்டாக்காரர். ஏழே வருஷத்தில் வேதியர் வேடம் பாடகர் கையிலிருந்து நடிகர் கைக்குப் போயிருக்கிறது. விகடனின் சொந்தக்காரர் தம் பத்திரிகையில் வந்த எருமை மதிப்புரையை மறந்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். படம் ஓடியது, தேசிகரின் பாட்டுகள் இசைத்தட்டுகளில் வீடு வீடாகப் போயின.

அந்தத் தேசிகர்தான் 1946-ல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடினார். தியாகய்யர் சந்நிதியில் தமிழ்ப் பாட்டா என்று சலசலப்பு எழுந்தது, சந்நிதானமே தீட்டாகிவிட்டது என்று பேசப்பட்டதாகச் செய்தி பரவியது. பெரியாரின் 'குடி அரசு' ஏடு 'தீட்டாயிடுத்து' என்றே தலைப்புப் போட்டு வெளுத்து வாங்கியது. திரையில் நந்தனாக நடித்து ஜனத்தை அழ வைத்தவருக்கு, நான்கே வருஷத்தில் சொந்தச் சீமையின் ஆற்றங்கரையில் அதே சொல் வந்து சேர்ந்தது. கற்பனை செய்து எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று எந்த மதிப்புரைக்காரரும் வெட்டியிருப்பார்.

1861, 1935, 1942. இலக்கணம் பார்த்தார்கள், நடிப்புப் பார்த்தார்கள், பாட்டுப் பார்த்தார்கள். நாற்பது வேலியில் நின்ற ஆள் அந்தக் கதையைப் பற்றி என்ன நினைத்தான் என்று அந்த மதிப்புரைகளில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலித் தகராறில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்து போனார்கள். கும்பகோணத்தில் வளர்ந்து, அங்கே பள்ளியில் தி. ஜானகிராமனிடம் படித்த இந்திரா பார்த்தசாரதி அதை வைத்துக் 'குருதிப்புனல்' நாவல் எழுதினார், 1977-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அடுத்து 'நந்தன் கதை' நாடகம் எழுதினார். அதில் தீயில் மூழ்கி ஜோதியாகும் அற்புதம் கிடையாது. நந்தனைச் சூழ்ச்சியாகத் தீயில் இறக்குகிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதிக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகக் கிடைத்த எல்லா மதிப்புரைகளிலும் இதுதான் கடுமையானது. அது கட்டுரையாக வராமல் இன்னொரு நாடகமாகவே வந்தது.

கட்டுரையாகவே எழுதியவர்களுக்கும் குறைவில்லை. வலங்கைமானில் பிறந்த க. நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்று சின்னச் சின்ன அறிமுகங்களாக எழுதி, எது நல்ல நாவல் என்று பட்டியல் போடும் பழக்கத்தையே தமிழில் ஆரம்பித்து வைத்தார். பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் கோபத்தையும் சேர்த்துச் சம்பாதித்தார். உடையாளூர் வெங்கட் சாமிநாதன் இன்னும் ஒரு படி மேலே. தமிழில் வெளிவரும் சினிமாவை அவர் ஒரு கலையாகவே ஒத்துக்கொண்டதில்லை. குறை சொன்னதோடு நிற்காமல் ஒரு திரைக்கதையும் எழுதினார். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' அது. 1977-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அதற்குக் கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அந்தப் படத்தைக் கண்டுகொள்ளவில்லை. டெல்டா விமர்சகர்களுக்கும் சினிமாவில் வரும் நாலுகால் ஜீவன்களுக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது போலும்.

விகடனில் பிற்காலத்தில் மதிப்புரையோடு மார்க்கும் வந்தது. '16 வயதினிலே'வுக்குக் கொடுத்த 62.5-ஐ இன்றும் சினிமாக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நூற்றுக்கு அறுபதைத் தாண்டுவது அந்தப் பத்திரிகையில் அத்தனை அபூர்வம். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த சீமையில் பிறந்தவர்கள் வளர்த்த பத்திரிகைக்கு இந்தக் கஞ்சத்தனம் இயல்பாகவே பொருந்தியது.

ஆனால் இவை எல்லாமே டிக்கெட் விற்கும் படங்களுக்குத்தான். குட்டிப் படங்களை யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள்? 1947-ல் என். தாணு என்ற ஓவியர் 'சினிமா கதம்பம்' என்று ஒரு கார்ட்டூன் படம் வரைந்தார். தமிழில் அந்த வகையில் முன்னோடி அது. அன்றைய நட்சத்திரங்களையே கேலிச் சித்திரமாக ஆட விட்டிருந்தார். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு சட்டங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு. ஒரே படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்துக்கொண்டாலும் பாதியாவது கையால் வரைய வேண்டும். இந்த உழைப்புக்குத் தமிழ்ப் பத்திரிகைகளில் தனியாக ஒரு மதிப்புரைப் பழக்கம் உருவாகவே இல்லை. பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் துண்டுப் படம், நாற்காலி தேடும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும் சமாசாரம் என்ற நினைப்புதான் இருந்தது.

குறும்படத்துக்கு நடுவர் கிடைத்தது இந்த நூற்றாண்டில். 2009 வாக்கில் கலைஞர் டி.வி.யில் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி தொடங்கியது. சினிமாவுக்கு வெளியே இருந்த இளைஞர்கள் சொந்தக் காசிலும் நண்பர்களின் உழைப்பிலும் எடுத்த குறும்படங்களைப் போட்டுக் காட்டுவார்கள். எதிரே நடுவர்களாக கார்ட்டூனிஸ்ட் மதனும் இயக்குநர் பிரதாப் போத்தனும். மதன் திருவரங்கத்தில் பிறந்தவர், விகடனில் வளர்ந்தவர். படம் முடிந்ததும் எடுத்தவர் அங்கேயே நிற்பார். இந்த ஷாட் எதற்கு, இந்த முடிவு ஏன் என்று கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். அச்சு பிரித்து வைத்த படைப்பாளியும் விமர்சகரும் மறுபடி நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனவர்களில் கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார், நலன் குமரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகன் தம் குறும்படத்தையே நீட்டி 'காதலில் சொதப்புவது எப்படி' ஆக்கினார்.

கையால் வரைந்தோ கணினியில் செய்தோ அசைய விடும் படங்களுக்கு மட்டும் அந்த நாற்காலி இன்னும் போடப்படவில்லை. 2014-ல் 'கோச்சடையான்' வந்தபோது அது தெளிவாகத் தெரிந்தது. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கணினியில் உருவாக்கிய படம் அது. மதிப்புரைகள் பலவும் முகங்கள் பொம்மை மாதிரி இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கதைக்கும் பாட்டுக்கும் தாவின. எங்கே பொம்மையாகத் தெரிகிறது, காலடி தரையில் பதியாமல் வழுக்குவதாலா, கண்ணிமை நேரத்துக்கு மூடாததாலா, உதடும் குரலும் அரை நொடி பிசகுவதாலா என்று பிரித்துச் சொன்னவர்கள் குறைவு. துணியிலிருந்து தோல்பாவை ஒரு விரல் விலகினாலே சத்தம் போடும் கூட்டம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், படம் எடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியல் இடைவேளைக்குள் கிடைத்திருக்கும்.